அஞ்சல் குறியீட்டில் தொலையும் பூஜ்ஜியம்: கணினி நிரல் சரியாகக் கேட்பது எப்படி?

பைத்தன் மொழியில் நிரல் எழுதக் கற்கும் பிள்ளைகள் முதலில் எழுதுவது பெரும்பாலும் படமோ பொத்தானோ இல்லாத நிரல்தான். கறுப்புத் திரையில் ஒரு கேள்வி தோன்றும். பதிலைத் தட்டச்சு செய்து ‘என்டர்’ விசையை அழுத்தினால் அடுத்த கேள்வி வரும். இத்தகைய நிரலைக் கட்டளை வரி நிரல் என்பர்.

இங்கே பயனாளருக்குத் துணையாக இருப்பது அந்தக் கேள்வி மட்டுமே. அது தெளிவாக இல்லாவிட்டால் வீட்டிலுள்ள தாத்தா பாட்டி “எனக்குக் கணினியெல்லாம் வராது” என்று ஒதுங்கிவிடுவார்கள். உண்மையில் குறை அவர்களிடம் இல்லை, கேட்ட முறையில் இருக்கிறது.

பிரதமர் எழுதிய நிரல்

கட்டளை வரி நிரல் என்றதும் சிங்கப்பூரில் பலருக்கு நினைவுக்கு வருவது சுடோகு. அப்போது பிரதமராக இருந்த திரு லீ சியன் லூங், சுடோகு புதிருக்கு விடை காண சி பிளஸ் பிளஸ் மொழியில் தாம் எழுதிய நிரலை 2015ஆம் ஆண்டு மே மாதம் ஃபேஸ்புக்கில் பகிர்ந்துகொண்டார். அதில் வண்ணப் பலகை எதுவும் இல்லை. புதிரை வரிசை வரிசையாகத் தட்டச்சு செய்தால், நிரல் விடையையும் அதைக் கண்டறிய எடுத்த படிகளின் எண்ணிக்கையையும் காட்டும்.

சுடோகுவில் 81 கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கேள்வி என்றால் 81 முறை பதில் சொல்லவேண்டும். வரிசைக்கு ஒன்று என்றால் ஒன்பது முறை போதும். நாளிதழில் அச்சான புதிரைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்துவிடலாம். பயனாளரின் கையில் தகவல் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே கேட்பது முதல் பாடம்.

எண்ணா, எழுத்தா?

சிங்கப்பூரில் 1995 முதல் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு நடப்பில் உள்ளது. புக்கிட் பாஞ்சாங் வீவக புளோக்குகளின் குறியீடு 67 என்று தொடங்கும். கடைசி மூன்று இலக்கங்கள் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும்.

அஞ்சல் குறியீட்டைக் கேட்கும் நிரலை எழுதும் மாணவர், அதை எண்ணாக மாற்றிச் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புக்கிட் பாஞ்சாங் முகவரிகளில் எந்தச் சிக்கலும் தெரியாது. ஆனால் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் குறியீடான 058793ஐத் தட்டச்சு செய்தால், முன்னால் உள்ள பூஜ்ஜியம் மறைந்து 58793 என்று ஐந்து இலக்கமாகிவிடும். கணக்கில் முன்பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை. முகவரியில் உண்டு.

பைத்தனில் ‘இன்புட்’ கட்டளை எந்தப் பதிலையும் எழுத்துத் தொடராகவே தரும். கூட்டவோ கழிக்கவோ வேண்டிய வயது, விலை போன்றவற்றை மட்டும் எண்ணாக மாற்றினால் போதும். தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு போன்றவற்றை எழுத்தாகவே விட்டுவிடலாம்.

வயதைக் கேட்கும் இடத்தில் ஒருவர் “15 வயது” என்று தட்டச்சு செய்யலாம். அதை எண்ணாக மாற்ற முயலும் நிரல் பிழைச் செய்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதுவரை சொன்ன பதில்களும் போய்விடும். “எண் மட்டும் போதும், எடுத்துக்காட்டு: 15” என்று கூறி, அந்தக் கேள்வியை மட்டும் மீண்டும் கேட்பதே முறை.

பதின்மூன்று நிலையங்கள்

புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி தடத்தில் உள்ள ஒரு நிலையத்தின் பெயரை நிரல் கேட்கிறது. ஒருவர் ஃபஜார் என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குவார், மற்றொருவர் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் தட்டச்சு செய்வார், இன்னொருவர் கடைசியில் ஓர் இடைவெளி விடுவார். மனிதருக்கு மூன்றும் ஒன்றுதான். கணினிக்கு மூன்றும் வெவ்வேறு.

பதிலின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்கி, சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுவது ஒரு வழி. அதைவிட எளிது பட்டியலைக் காட்டுவது. ‘டென் மைல் ஜங்ஷன்’ நிலையம் 2019 ஜனவரியில் மூடப்பட்ட பிறகு அந்தத் தடத்தில் 13 நிலையங்கள் உள்ளன. அவற்றை வரிசை எண்ணுடன் காட்டி, “1 முதல் 13 வரை ஓர் எண்ணைத் தட்டுங்கள்” என்றால் எழுத்துப் பிழைக்கு இடமே இல்லை.

தமிழ்ப் பெயரை மறுக்கும் நிரல்

பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம் என்று சோதிக்கப் பைத்தனில் ‘இஸ்ஆல்ஃபா’ என்ற கட்டளை உண்டு. தமிழில் ‘முருகன்’ என்று கொடுத்தால் அது ‘இல்லை’ என்று பதில் தரும். உகரக் குறியையும் புள்ளியையும் அது எழுத்தாகக் கருதுவதில்லை என்பதே காரணம். நாம் நான்கு எழுத்து என்று எண்ணும் அந்தப் பெயரைக் கணினி ஏழு குறியீடுகளாக எண்ணுகிறது. எனவே பெயரின் நீளத்துக்கு வரம்பு வைத்தாலும் சிக்கல் வரும்.

ஆங்கிலத்தில் எழுதினாலும் தப்பமுடியாது. அடையாள அட்டையில் தந்தை பெயருக்கு முன் வரும் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ ஆகியவற்றில் உள்ள சாய்கோடும், முன்னெழுத்துக்குப் பின் வரும் புள்ளியும் அதே சோதனையில் தோற்றுவிடும். குடும்பப் பெயரைத் தனியாகக் கேட்டால், குடும்பப் பெயர் வழக்கமே இல்லாத தமிழர் பலர் எதை எழுதுவது என்று விழிப்பர்.

“அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர்” என்று ஒரே வரியில் கேட்டு, வந்ததை அப்படியே ஏற்றுக்கொள்வது நல்லது. பெயர் காலியாக இல்லை என்று பார்த்தால் போதும். ஒருவரின் பெயரைச் சரியா தவறா என்று தீர்மானிப்பது நிரலின் வேலையன்று.

அழிக்கும் முன் கேட்பது

‘ஆம்/இல்லை’ கேள்வியில், எதுவும் தட்டாமல் ‘என்டர்’ அழுத்தினால் எந்தப் பதில் எடுத்துக்கொள்ளப்படும் என்பதையும் காட்டவேண்டும். லினக்ஸ் நிரல்கள் பலவற்றில் அந்தப் பதிலின் எழுத்து பெரிய எழுத்தாக இருக்கும். கோப்பை அழிப்பது போன்ற திரும்பப் பெற முடியாத செயல்களில் அது ‘இல்லை’ என்றே இருக்கவேண்டும். “தொடரலாமா?” என்பதைவிட “12 கோப்புகள் அழிக்கப்படும். தொடரலாமா?” என்பது பாதுகாப்பான கேள்வி.

மறைச்சொல்லைக் கேட்கும்போது திரையில் எதுவும் தோன்றாமல் இருப்பது வழக்கம். பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று புதியவர்கள் நினைக்கக்கூடும். “தட்டச்சு செய்வது திரையில் தெரியாது” என்று ஒரு வரி சேர்த்தால் அந்தக் குழப்பம் நீங்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

நிரலை எழுதி முடித்ததும் அதை வீட்டில் கணினி அதிகம் பழகாத ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கலாம். அருகில் இருந்து விளக்கம் சொல்லக்கூடாது. அவர் எந்தக் கேள்வியில் தயங்குகிறார் என்று கவனித்து, அந்தக் கேள்வியைத் திருத்தி எழுதவேண்டும். பைத்தன் மூன்றாம் பதிப்பில் கேள்விகளைத் தமிழிலேயே எழுதலாம் என்பதால், பாட்டிக்குப் புரியும் மொழியில் கேட்பதற்கும் தடையில்லை.