மை தீரவில்லை, காய்ந்துவிட்டது

கடையில் விலைப்பட்டியல் அடிக்கவும் வீட்டில் பிள்ளைகளின் பாடசாலை வேலைக்கும் சிறிய இன்க்ஜெட் பிரின்டர் வைத்திருக்கும் வியாபாரிகள் பலரிடம் ஒரே முறைப்பாட்டைக் கேட்கிறேன்: "காட்ரிஜ்ஜில் மை இருக்கிறது, தாளில்தான் விழுவதில்லை." உடனே புதியதொன்றை வாங்குகிறார்கள். சில மாதங்களில் அதற்கும் அதே கதி. அடித்துத் தீர்த்த மையைவிடக் காய்ந்து வீணான மைக்கே இவர்களில் சிலர் அதிகம் செலவிட்டிருப்பார்கள்.

இரவில் கடை பூட்டும்போது மெயின் சுவிச்சை இழுத்துவிட்டுப் போவது நம்மவர் வழக்கம். தீ விபத்துக்குப் பயந்து செய்வது, நல்லதுதான். ஆனால் அதற்கு முன் பிரின்டரை அதிலுள்ள பொத்தானை அழுத்தியே அணைக்க வேண்டும். மை வெளிவரும் துவாரங்கள் தலைமயிரைவிட நுண்ணியவை. மையில் பெரும்பகுதி தண்ணீர். பொத்தானால் அணைத்தால், அச்சுத்தலை ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின் மேல் அமர்ந்துகொள்ளும், காற்றுப் படாது. அடித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் துண்டித்தால் தலை நடுவழியில் திறந்தபடி நின்றுவிடும். 2022ஆம் ஆண்டு மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது பல பிரின்டர்கள் இப்படி நின்றன. மின்சாரம் போய்விட்டால், திரும்ப வந்ததும் ஒருமுறை போட்டு, பொத்தானால் அணைத்துவிடுங்கள்.

முறையாக மூடி வைத்தாலும் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் மை தடிக்கும். எனது கடையில் வாரத்துக்கு ஒருமுறை எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கம் அடிப்போம். கறுப்பு மட்டும் அடித்தால் மற்ற மூன்று நிறமும் காய்வது தெரியவே தெரியாது. மின்விசிறிக்கு நேர் கீழேயும் வெயில் விழும் கண்ணாடி அலுமாரியின் மேலேயும் பிரின்டரை வைக்காதீர்கள். மேலதிக காட்ரிஜ்ஜின் உறையைத் தேவைப்படும் நாள்வரை பிரிக்க வேண்டாம்.

அடைத்துவிட்டால் முதலில் 'நொசில் செக்' பக்கத்தை அடித்துப் பாருங்கள். கோடுகள் விட்டு விட்டு விழுந்தால் 'ஹெட் கிளீனிங்' கொடுக்கலாம். அதையே பத்துத் தடவை கொடுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நல்ல மைதான் உள்ளேயுள்ள கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. இரண்டு மூன்று தடவையோடு நிறுத்தி, சில மணித்தியாலம் விட்டு மீண்டும் பாருங்கள். துவாரம் காட்ரிஜ்ஜிலேயே இருக்கும் வகையென்றால் (எச்.பி.யின் சிறிய பிரின்டர்கள் பல அப்படியானவை) பெற்றரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீரில் நனைத்த பஞ்சில்லாத் துணியில் அடிப்பகுதியை மெல்ல ஒற்றலாம். செப்புத் தகட்டில் கை படக்கூடாது. எப்சனில் தலை இயந்திரத்தோடு பொருத்தப்பட்டது. காட்ரிஜ்ஜையோ மைத் தாங்கியையோ மாற்றினாலும் அடைப்பு அப்படியே இருக்கும். அதைத் திருத்துநரிடம் விடுங்கள்.

மாதத்துக்கு இருபது கறுப்புப் பக்கம்கூட அடிக்காதவருக்கு இன்க்ஜெட்டே வேண்டாம் என்பேன். லேசர் பிரின்டரின் டோனர் தூள், அது காய்வதில்லை. வாங்கும்போது விலை கூடத்தான், ஆனால் பெருநாளைக்குப் பத்து நாள் கடை பூட்டித் திறந்தாலும் முதல் பக்கமே தெளிவாக விழும்.