சேப்பாக்கத்துத் தோல்வியும் மூவகை அறிதலும்

விளையாட்டிலே வென்றவர் புகழை விரித்துரைப்போர் பலர். தோற்றவர் தோற்றதன் காரணத்தைப் பொறுமையோடு ஆராய்வோர் சிலர். ஆயினும், கற்பவர்க்குப் பெரிதும் பயன்படுவது பின்னதேயாம். வெற்றி கிடைத்தவிடத்து அதன் காரணங்களை எவரும் துருவிப் பார்ப்பதில்லை. தோல்வி வந்த பின்னரே, நெடுங்காலமாக உள்ளிருந்த குறைகள் கண்ணுக்குப் புலனாகின்றன. இதற்கு அண்மைக்காலத் துடுப்பாட்ட வரலாற்றிலே தெளிவான சான்றாக அமைந்தது, சென்னை சுப்பர் கிங்ஸ் அணியின் 2025ஆம் ஆண்டுப் பருவம்.

இந்தியன் பிறிமியர் லீக் என்னும் இருபது ஓவர்ப் போட்டி 2008ஆம் ஆண்டிலே தொடங்கியது. அதில் 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும் வாகை சூடியது சென்னை அணி. 2019ஆம் ஆண்டு வரை, தான் பங்குபற்றிய பருவம் ஒவ்வொன்றிலும் முதல் நான்கு இடங்களுள் ஒன்றைப் பெற்ற பெருமையும் அதற்குண்டு. அத்தகைய அணி 2025ஆம் ஆண்டிலே ஆடிய 14 ஆட்டங்களுள் நான்கில் மட்டுமே வென்றது, பத்தில் தோற்றது. பத்து அணிகள் கொண்ட பட்டியலிலே பத்தாம் இடத்தைப் பெற்றது. கடைசி இடம் அதற்கு வாய்த்தது அதுவே முதன்முறை.

யாழ்ப்பாணத்தவராகிய நாம் இதனை அயலார் செய்தியென ஒதுக்குவதற்கில்லை. முத்தையா முரளிதரன் அவ்வணியின் தொடக்க ஆண்டுகளிலே பந்து வீசினார். பின்னாளிலே மகீஷ் தீக்சன, மதீஷ பத்திரன ஆகிய இலங்கை வீரரும் அதன் மஞ்சட் சட்டையை அணிந்தனர். 1904ஆம் ஆண்டு தொடக்கம் யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் பொருதிவரும் வடக்கின் பெரும் போரைக் கண்டு வளர்ந்த இக்குடாநாட்டிலே, அவ்வணியின் வெற்றி தோல்விகளைத் தம் வீட்டுச் செய்திபோலக் கருதும் மாணவர் மிகப் பலர்.

திருவள்ளுவர் பொருட்பாலிலே அரசனுக்கு உரியனவாக வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். போருக்குச் செல்வோன் ஆராய வேண்டியன இம்மூன்றுமே. ஆடுகளமும் ஒருவகைப் போர்க்களமாதலின், சென்னை அணியின் தோல்வியை இம்முறையிலே வைத்து ஆராய்தல் பொருந்தும்.

முதலாவது வலியறிதல். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே ஜெத்தா நகரில் வீரர்களுக்கான பேரேலம் நடைபெற்றது. ஒவ்வோர் அணிக்கும் விதிக்கப்பட்ட செலவெல்லை 120 கோடி இந்திய ரூபா. சென்னை அணி ஏலத்துக்கு முன்னரே ஐந்து வீரர்களைத் தக்கவைத்துக்கொண்டு, அவர்களுக்காக 65 கோடியை ஒதுக்கியது. எஞ்சிய 55 கோடியைக் கொண்டே ஏனைய அணி முழுவதையும் அமைக்கவேண்டியிருந்தது. தக்கவைக்கப்பட்டவருள் 43 வயதினரான மகேந்திரசிங் தோனியும் ஒருவர். 2015ஆம் ஆண்டு வரை அவ்வணியில் ஆடிய இரவிச்சந்திரன் அஸ்வின், தமது 38ஆம் வயதிலே 9.75 கோடிக்கு மீண்டும் அழைத்துவரப்பட்டார்; அவர் ஒன்பது ஆட்டங்களில் ஏழு விக்கெற்றுகளையே வீழ்த்தினார். பந்துவீச்சிலே குறை பெரிதில்லை. ஆப்கானிஸ்தானத்து இளைஞர் நூர் அகமட் 24 விக்கெற்றுகளை வீழ்த்தி, போட்டியின் முன்னணிப் பந்துவீச்சாளருள் ஒருவராக விளங்கினார். முதல் ஓவர்களிலே விரைந்து ஓட்டங் குவிக்கும் துடுப்பாட்டக்காரர் இல்லாமையே பெருங்குறையாயிற்று. நேற்றைய வலியை இன்றைய வலியென அணியை அமைத்தோர் மயங்கினர் என்பதே இதன் பொருள்.

இம்மயக்கத்திலே பார்வையாளருக்கும் பங்கில்லையெனக் கூற இயலாது. தோனி களம் புகவேண்டும் என்னும் விருப்பத்தால், தம் அணியின் விக்கெற் வீழ்ந்ததற்குத் தம் அணியின் அபிமானிகளே ஆரவாரித்த காட்சி சேப்பாக்கத்திலே பலமுறை நிகழ்ந்தது. 2025 மார்ச் 28ஆம் நாள் பெங்களூர் அணிக்கு எதிரான ஆட்டத்திலோ அவர் ஒன்பதாவது ஆட்டக்காரராக வந்து 16 பந்துகளில் 30 ஓட்டங்கள் எடுத்தார். ஆரவாரம் குறையவில்லை, ஆனால் ஆட்டம் 50 ஓட்டங்களால் தோல்வியில் முடிந்தது. அன்பு மிகுந்தவிடத்து வலியறிதல் எத்துணை அரிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இரண்டாவது காலமறிதல். ஐந்து நாள் ஆட்டத்திலே பந்துகளுக்குக் குறைவில்லை. விக்கெற்றே அரிய பொருள். ஆகவே அங்கே பொறுமை பெருங்குணமாகும். இருபது ஓவர் ஆட்டத்திலோ ஓர் அணிக்குக் கிடைப்பன 120 பந்துகள். இழக்கத்தக்க விக்கெற்றுகள் பத்து. பன்னிரண்டு பந்துகளுக்கு ஒரு விக்கெற் வீதம் இழப்பினும் இருபது ஓவரும் நிறைவுறும். எனவே இங்கே அரிய பொருள் பந்து, விக்கெற் அன்று. இக்கணக்கை ஏனைய அணிகள் ஆண்டுக்காண்டு நன்குணர்ந்து வந்தன. 2023ஆம் ஆண்டு புகுத்தப்பட்ட விதியின்படி, ஆட்டத்தினிடையே ஒரு வீரருக்குப் பதிலாக வேறொருவரை இறக்கலாம் என்றாயிற்று. அதனால் துடுப்பாட்ட வரிசை நீண்டது. அச்சமின்றி அடிப்போர் தொகை பெருகியது. ஐதராபாத் அணி 2024ஆம் ஆண்டில் ஓர் ஆட்டத்தில் 287 ஓட்டங்களும், 2025ஆம் ஆண்டில் ஓர் ஆட்டத்தில் 286 ஓட்டங்களும் குவித்தமை இம்மாற்றத்தின் விளைவேயாம்.

சென்னை அணியோ தொடக்கத்திலே விக்கெற்றைக் காத்து, இறுதியிலே விரைந்து அடித்து வெல்லும் தன் பழைய முறையையே பற்றிநின்றது. மார்ச் 30ஆம் நாள் இராஜஸ்தானுக்கு எதிராக 183 ஓட்டங்களை நாடி, ஆறு விக்கெற்றுகளை இழந்து 176 எடுத்தது. ஏப்ரல் 5ஆம் நாள் டில்லிக்கு எதிராக 184 ஓட்டங்களை நாடி, ஐந்து விக்கெற் இழப்புக்கு 158 எடுத்தது. ஏப்ரல் 8ஆம் நாள் பஞ்சாப்புக்கு எதிராக 220 ஓட்டங்களை நாடி, மீண்டும் ஐந்து விக்கெற் இழப்புக்கு 201 எடுத்தது. அடுத்தடுத்து நிகழ்ந்த இம்மூன்று தோல்விகளிலும் இழக்கத்தக்க முப்பது விக்கெற்றுகளுள் பதினான்கு இழக்கப்படாமலே எஞ்சின. களஞ்சியத்தில் நெல் இருக்கப் பட்டினி கிடந்தவன் நிலைக்கு இது ஒப்பாகும்.

மூன்றாவது இடனறிதல். நீரிலே வலிய முதலை கரையேறின் வலியிழக்கும் என்பது வள்ளுவர் காட்டும் உவமை. சேப்பாக்கத்து மைதானம் நெடுங்காலமாகச் சென்னை அணிக்கு அத்தகைய நீர்நிலையாக இருந்தது. மெதுவாகித் திரும்பும் அந்த ஆடுகளத்திலே அதன் சுழற்பந்துவீச்சாளர் எதிரணியினரைத் திணறவைத்தனர். 2025ஆம் ஆண்டிலோ அங்கு ஆடிய ஆறு ஆட்டங்களுள் ஒன்றில் மட்டுமே சென்னை வென்றது. பெங்களூர் அணி 2008ஆம் ஆண்டின் பின்னரும், டில்லி அணி 2010ஆம் ஆண்டின் பின்னரும் அங்கு சென்னையை முதன்முறையாக வீழ்த்தின. ஐதராபாத் அணி அங்கு பெற்ற முதல் வெற்றியும் அவ்வாண்டிலேயே வாய்த்தது. ஏப்ரல் 11ஆம் நாள் கொல்கத்தாவுக்கு எதிராக ஒன்பது விக்கெற் இழப்புக்கு 103 ஓட்டங்களே பெற்றது சென்னை; எதிரணியினர் 10.1 ஓவரிலே ஆட்டத்தை முடித்தனர். ஆடுகளத்தின் தன்மையைத் தம்மால் முன்னறிய இயலவில்லையென்றும், சேப்பாக்கத்தால் தமக்குத் தனி நன்மை எதுவும் இல்லையென்றும் பயிற்றுநர் ஸ்டீபன் பிளெமிங் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். தண்ணீர் வற்றியதை முதலை அறியவில்லை.

இவற்றை மறுத்து, எல்லாம் ஊழின் வலி என்பாரும் உளர். அவர் கூற்றை முற்றாகத் தள்ளிவிடலாகாது. அணித்தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கையில் ஏற்பட்ட முறிவினால் ஏப்ரல் மாதத்திலேயே விலக நேர்ந்தது. தலைமை மீண்டும் தோனியிடம் சென்றது. மே 3ஆம் நாள் பெங்களூரில் இரண்டே ஓட்டங்களால் வெற்றி நழுவியது. ஆயினும், ஊழ் இவ்வணிக்குச் செய்த தீமையினும் நன்மையே பெரிது என்பதை ஆராய்வோர் காண்பர்.

கெய்க்வாட்டின் இடத்துக்கு வந்தவர் பதினேழு வயதினரான ஆயுஷ் மாத்ரே. அவர் தமது முதல் ஆட்டத்தில் 15 பந்துகளில் 32 ஓட்டங்களும், பெங்களூரில் 48 பந்துகளில் 94 ஓட்டங்களும் பெற்றார். காயமுற்ற வேறொருவருக்குப் பதிலாக வந்த தென்னாபிரிக்க இளைஞர் டெவால்ட் பிறெவிஸ், கொல்கத்தாவில் 25 பந்துகளில் 52 ஓட்டங்கள் குவித்து அணியை வெல்வித்தார். அவ்வாறே வந்த உர்வில் பட்டேல் அதே ஆட்டத்தில் 11 பந்துகளில் 31 எடுத்தார். இம்மூவருள் எவரையும் சென்னை அணி நவம்பர் ஏலத்திலே எடுக்கவில்லை. மூவரும் பிறர் காயத்தால் இடம் பெற்றவரே. இவர்கள் வந்தபின், இறுதி நான்கு ஆட்டங்களிலும் அணி 180 ஓட்டங்களைக் கடந்தது. மே 25ஆம் நாள் நடைபெற்ற கடைசி ஆட்டத்தில் 230 ஓட்டங்கள் குவித்துக் குஜராத் அணியை 83 ஓட்டங்களால் வென்றது. அணிக்கு வேண்டியிருந்த மருந்தை அதன் அறிவு தேடித் தரவில்லை. விபத்தே கொணர்ந்து தந்தது. அப்பருவத்துத் தோல்வியிலே மிகவும் வருந்தத்தக்கது இதுவே.

அணியினர் இதனை உணர்ந்தனர் என்பது பின்னர் நிகழ்ந்தவற்றால் விளங்கும். 2025 நவம்பரிலே, நெடுங்காலம் தம்முடன் ஆடிய இரவீந்திர ஜடேஜாவை இராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைப் பெற்றனர். டிசம்பர் ஏலத்திலே, இந்திய அணிக்காக ஒருமுறையும் ஆடியிராத இளைஞர் இருவரைத் தலா 14.20 கோடி கொடுத்து எடுத்தனர்.

முன்னோரைப் போற்றுதலும் இளையோர்க்கு இடமளித்தலும் தம்முள் முரணுவன என எண்ணுவோர், 2025 மே 20ஆம் நாள் டில்லியிலே நிகழ்ந்ததை நினைவுகூர்தல் நன்று. இராஜஸ்தான் அணியின் பதினான்கு வயதுச் சிறுவன் வைபவ் சூரியவன்சி 33 பந்துகளில் 57 ஓட்டங்கள் பெற்று, சென்னை அணியின் தோல்விக்கு வழிகோலினான். ஆட்டம் முடிந்து இரு அணியினரும் கைகுலுக்கியபோது, அவன் குனிந்து தோனியின் பாதங்களைத் தொட்டான். முதியவரை வணங்குதற்கு அவர் தம் இடத்தில் என்றும் நிலைத்திருக்க வேண்டுமென்பதில்லை. பழம்பெருமை மிக்க நிறுவனம் எதுவாயினும், நம் கல்லூரிகள் உட்பட, அச்சிறுவன் செய்கையிலே கற்றற்குரியது உண்டு.