பத்து கிலோ நரம்பு ஏன் அறுந்தது?

கல்மண்டபத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவன், ஒரு திங்கட்கிழமை காலை சுட்டுவிரலில் கட்டுடன் ஆய்வகத்துக்குள் நுழைந்தான். முதல் நாள் மாலை இராயபுரம் கடலோரக் கற்களின்மேல் நின்று தூண்டில் போட்டிருக்கிறான். நரம்பு கல்லிடுக்கில் சிக்கிக்கொண்டது. விரலில் சுற்றி இழுத்து விடுவித்தான். விரல் ஆழமாக வெட்டுப்பட்டது. அதே நரம்பில் அடுத்து ஒரு கொடுவா மாட்டியது. கல்லருகே வரும்போது ஒரே துள்ளல்; நரம்பு அறுந்தது; மீன் முள்ளோடு போய்விட்டது.

“சார், பெட்டி மேலே 10 கிலோன்னு போட்டிருக்கு. மீன் மூணு கிலோதான் இருக்கும். எப்படி சார் அறுத்துக்கிட்டுப் போச்சு?” என்றான்.

நல்ல கேள்வி. தூண்டில் நரம்பு வாங்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி. வாருங்கள், விடை தேடுவோம்.

பெட்டியில் உள்ள எண்

பொதுவாக 10 கிலோ என்பது, முடிச்சு இல்லாத புது நரம்பைச் சீராக இழுத்தால் அது தாங்கும் விசை. கடலில் இந்த நிபந்தனைகள் எதுவும் இருப்பதில்லை. நைலான் தண்ணீரை உறிஞ்சும். நனைந்தால் அதன் வலிமை சற்றுக் குறையும். முடிச்சில் நரம்பு வளைகிறது; வளைவின் வெளிப்பக்கம் அதிகமாக இழுபடுகிறது. அவசரமாகப் போட்ட ஒற்றை முடிச்சு வலிமையில் ஏறக்குறையப் பாதியைத் தின்றுவிடும். சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியில் இருப்பதுபோல, நரம்பின் வலிமை அதன் மிக மெலிந்த இடத்தில் இருக்கிறது.

எடையா, ஓட்டமா?

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நினைவுகூருங்கள். மீனின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்திதான். ஆகவே 3 கிலோ மீன் நீருக்குள் இருக்கும்வரை அதன் எடை நரம்பின்மேல் விழுவதே இல்லை. நரம்பை அறுப்பது மீனின் ஓட்டம்.

ஒரு கணக்குப் போடுவோம். 3 கிலோ மீன் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதன் இயக்க ஆற்றல் ½ × 3 × 2² = 6 ஜூல். ரீலின் பிடியை முழுக்க இறுக்கிவிட்டோம். தூண்டில் கோலும் வளையவில்லை என்று கொள்வோம். இந்த 6 ஜூலையும் நரம்பே நீண்டு உள்வாங்க வேண்டும்.

மீன் கையருகே வந்துவிட்டதால் வெளியே இருப்பது 2 மீட்டர் நரம்புதான். 10 கிலோ என்பது சுமார் 100 நியூட்டன். நைலான் அறுவதற்குமுன் கால் பங்கு நீளும் என்று கொண்டால், நீட்சி அரை மீட்டர். அது உள்வாங்கக்கூடிய ஆற்றல் ½ × 100 × 0.5 = 25 ஜூல். மீன் தோற்றுவிடும்.

என் மாணவன் வைத்திருந்ததோ பின்னல் நூல். கடைகளில் ‘பிரெய்டு’ என்பார்கள். அது 100க்கு 4 பங்குதான் நீளும். நீட்சி 8 சென்டிமீட்டர். ஆற்றல் ½ × 100 × 0.08 = 4 ஜூல். 6 ஜூல் மீனுக்கு இது போதாது! இரண்டு நரம்புகளுக்கும் பெட்டியில் ஒரே எண்தான். தூரத்தில் இருக்கும்வரை அடங்கி வந்த மீன், கைக்கு எட்டும்போது அறுத்துக்கொண்டு போவதன் இரகசியமும் இதுவே: நரம்பின் நீளம் குறையக் குறைய அது தாங்கும் அதிர்ச்சியும் குறைகிறது.

சுழலும் உருளை

மாணவனுடையது பெயிட்காஸ்டிங் ரீல். இதில் நரம்பு சுற்றிய உருளையே சுழல்கிறது. எறிந்த ஈயக்குண்டு நரம்பை இழுக்கிறது. நரம்பு உருளையைச் சுழற்றுகிறது. காற்றின் தடையால் குண்டின் வேகம் குறைகிறது. உருளையோ நிலைமத்தால் அதே வேகத்தில் சுழல்கிறது. குண்டு கேட்பதைவிட அதிக நரம்பை அது கொடுக்க, உபரி நரம்பு உருளைமேல் பொங்கிச் சிக்கு விழுகிறது. காற்றாடி தொய்யும்போது கையிலுள்ள நூலுருளை தானே சுழன்று நூலைக் கொட்டுமல்லவா? அதே கதைதான். கட்டைவிரலால் உருளையை மெல்லத் தொட்டு அடக்குவதே பரிகாரம்.

இந்த ரீலுக்கு மிக மெல்லிய நரம்பு ஆகாது. பலமாக இழுக்கும்போது அது அடிச்சுற்றுகளுக்குள் புதைந்து, அடுத்த எறிதலில் சட்டென நின்றுவிடும். மிகத் தடித்த நைலானோ சுருள்வில்போல் விரிந்து உருளையை விட்டு எழும்பும். 0.30 முதல் 0.40 மி.மீ. வரை தடிமனுள்ள நைலான் நடுத்தரமானது.

தடிமன் உருளையின் கொள்ளளவையும் பாதிக்கும். 0.40 மி.மீ. நரம்பு 100 மீட்டர் பிடிக்கும் உருளையில், 0.30 மி.மீ. நரம்பு (0.40/0.30)² மடங்கு, அதாவது சுமார் 178 மீட்டர் பிடிக்கும். விளிம்புக்கு 3 மி.மீ. குறைவாகவே சுற்றுங்கள்.

மூன்று வகை நரம்புகள்

முதலாவது நைலான், நம் கரையோரத்தில் தங்கூசி என்பதும் இதுவே. 1935இல் அமெரிக்காவில் கரோதர்ஸ் குழுவினர் உருவாக்கிய பொருள். நீளும், முடிச்சைப் பிடிக்கும், விலை குறைவு.

இரண்டாவது ஃபுளோரோகார்பன். இதன் ஒளிவிலகல் எண் 1.42; நைலானுக்கு 1.53, தண்ணீருக்கு 1.33. தண்ணீரின் எண்ணுக்கு நெருங்க நெருங்க நரம்பு கண்ணில் படுவது குறையும். ஒரு கண்ணாடிக் குச்சியைத் தண்ணீரிலும், பிறகு உருகிய தேங்காயெண்ணெயிலும் வைத்துப் பாருங்கள். எண்ணெயில் அது மங்கி மறைவதன் காரணமும் இதுதான். ஆனால் கலங்கிய நீரில் இந்தச் சிறப்புக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது பின்னல் நூல். இது பாலிஎதிலீன், பால் பாக்கெட்டின் உறையும் பாலிஎதிலீன்தான்! உறையில் மூலக்கூறுச் சங்கிலிகள் தாறுமாறாகக் கிடக்கின்றன. நூலில் மிக நீண்ட சங்கிலிகள் இழையின் திசையிலேயே ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன. ஆகவே ஒரே தடிமனில் நைலானைவிடப் பன்மடங்கு வலிமை. ஆனால் வழுக்கும், ஒற்றை முடிச்சு நழுவிவிடும். சூட்டையும் தாங்காது. எனவே நூலை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் கோத்து, முடிச்சை நனைத்த பிறகே இறுக்க வேண்டும்.

இராயபுரத்துக் கற்கள்

இனி அறுந்த நுனியைப் பார்ப்போம். முடிச்சு நழுவியிருந்தால் நுனி சுருண்டிருக்கும். மாணவன் கொண்டுவந்த நூலை ஆய்வகத்து நகரும் நுண்ணோக்கியில் வைத்தோம். நுனி சுருளவில்லை. கடைசிச் சில சென்டிமீட்டரில் இழைகள் பஞ்சுபோல் பிரிந்து, பல ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தன. மீன் அறுக்குமுன்பே கல் பாதியை அறுத்துவிட்டது!

அந்தக் கற்கள் அங்கே வந்ததற்கும் காரணம் உண்டு. சென்னைக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்ட துறைமுகச் சுவர்கள் அந்த மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களில் இன்று கூரிய சிப்பிகள் ஒட்டி வளர்கின்றன. விறைப்பாக நிற்கும் மெல்லிய இழைகளுக்கு அவை கத்தி.

ஆகவே இக்கரையில் நிற்பவர் நைலானையே தேர்ந்தெடுக்கலாம். பின்னல் நூல்தான் வேண்டுமென்றால், நுனியில் ஒன்றிரண்டு மீட்டர் தடித்த நைலானைக் கட்டுங்கள். உருளையில் அது வழுக்காதிருக்க அடியிலும் சில சுற்று நைலான் வேண்டும். ரீலின் பிடியைப் பெட்டியிலுள்ள எண்ணில் கால் பங்குக்கு, அதாவது 10 கிலோவுக்கு இரண்டரை கிலோவாக, சுருள்வில் தராசால் அளந்து வையுங்கள். கல்லில் உரசிய நுனியை நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். சிக்கிய நரம்பை ஒருபோதும் விரலில் சுற்றாதீர்கள். விசை அதேதான், பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும். ஒரு கட்டையில் சுற்றி இழுங்கள்.

நீங்களே சோதிக்கலாம்

5 கிலோ நைலானில் ஒரு மீட்டர் எடுத்து, அதில் ஒரு வாளியை, நரம்பு நீண்டாலும் தரையைத் தொடாத உயரத்தில் தொங்கவிடுங்கள். லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. வாளியின் எடையையும் கூட்டுங்கள். முதலில் நடுவில் ஒற்றை முடிச்சுடன், பிறகு முடிச்சின்றி, பிறகு இரவெல்லாம் ஊறிய நரம்பில் செய்யுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த நரம்பு கண்ணை நோக்கித் தெறிக்கலாம்.

வெட்டிய துண்டுகளைக் கடலில் எறியாதீர்கள். நைலான் எளிதில் மக்காது. சனவரி முதல் மார்ச்சு வரை முட்டையிட நம் கரைக்கு வரும் பங்குனி ஆமைகளின் துடுப்புகளில் அது சுற்றிக்கொள்ளக்கூடும்.

மாணவனின் விரல் ஆறிவிட்டது. இப்போது அவன் கடையில் “எத்தனை கிலோ?” என்று மட்டும் கேட்பதில்லை. “எவ்வளவு நீளும்? என்ன தடிமன்?” என்றும் கேட்கிறான். நீங்களும் கேளுங்கள்.