கீறலைத் திருத்தலாம், வெடிப்பை மூடி மறைக்கலாகாது

2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில், இருக்கும் வாகனத்தைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்த வேண்டிய நிர்ப்பந்தம் பலருக்கும் ஏற்பட்டது. 'அலோய் வீல்' எனப்படும் கலப்புலோகச் சில்லுகளும் இதற்கு விதிவிலக்கல்ல. அரத்தாளும் வர்ணமும் கொண்டு வீட்டிலேயே அவற்றைப் புதுப்பிப்பது சிக்கனமானதுதான். ஆயினும், எத்தகைய பழுதை வீட்டில் திருத்தலாம், எதைத் தொடவே கூடாது என்பதை அறியாது கைவைப்பது உயிராபத்தில் முடியலாம்.

இச்சில்லுகளிற் பெரும்பாலானவை அலுமினியத்துடன் ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் சேர்த்து வார்க்கப்படுபவை. வார்த்தபின் சுமார் 540 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி, விரைவாகக் குளிர்வித்து, மீண்டும் குறைந்த வெப்பத்தில் பல மணிநேரம் வைத்தே அவற்றுக்கு உறுதி ஊட்டப்படுகின்றது. நெளிந்த விளிம்பைத் தீச்சுவாலையில் காய்ச்சித் தட்டி நிமிர்த்தும்போது அந்த உறுதி குலைந்துவிடுகின்றது. இரும்பு சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியமோ 660 பாகையில் உருகும் வரை அவ்வாறு நிறம் மாறிக் காட்டுவதில்லை. வெடிப்பை ஒட்டவைக்கும் வெல்டிங் வேலையிலும் இதே ஆபத்து உண்டு.

ஆகவே முதலாவது பணி பரிசோதனையாகும். சில்லைக் கழற்றிக் கழுவியபின் அதன் உட்புறத்தையே கூர்ந்து நோக்க வேண்டும். குழிகளில் விழுவதால் ஏற்படும் வெடிப்புகள் பெரும்பாலும் கண்ணிற் படாத உள்விளிம்பிலேயே தோன்றுகின்றன. டயரில் காற்று இருக்கும்போது சவர்க்கார நீரைப் பூசினால், காற்றுக் கசியும் இடத்தில் குமிழிகள் எழும். வெடிப்போ, நெளிவோ, காரணம் தெரியாத காற்றிழப்போ காணப்பட்டால் வீட்டு வைத்தியம் அத்துடன் நிற்கவேண்டும்.

வீதியோரக் கல்லில் உராய்ந்த மேலோட்டமான கீறல் மட்டுமே எனின் அச்சமின்றித் தொடங்கலாம். எண்ணெய்ப் பசையையும் பிரேக் தூசியையும் முற்றாக அகற்றி, டயரையும் காற்றடைக்கும் வால்வையும் மூடி ஒட்டிவிட வேண்டும். 240 இலக்க அரத்தாளினால் துருத்திய முனைகளைத் தேய்த்து, குழிந்த இடத்தை அலுமினியத் தூள் கலந்த எபொக்சிப் பசையால் நிரப்பி, அது நன்கு இறுகியபின் 400, 600 இலக்கத் தாள்களால் மட்டப்படுத்த வேண்டும். தாமதியாது அடிப்பூச்சையும், அதன்மீது வர்ணத்தையும், இறுதியில் ஒளிபுகும் மேற்பூச்சையும் மெல்லிய படைகளாகப் பூசுவதே முறை. முகக்கவசமும் காற்றோட்டமும் இன்றியமையாதவை. நட்டுகள் பதியும் இடத்தில் பசையோ வர்ணமோ படலாகாது. பட்டால் நட்டுகள் நாளடைவில் தளர்ந்துவிடும்.

கடைச்சல் இயந்திரத்தில் சீவி மினுக்கப்பட்ட முகப்புடைய சில்லுகளை இம்முறையால் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவர முடியாது. அவற்றை மீண்டும் அதே இயந்திரத்திலேயே சீவவேண்டும். ஒவ்வொரு முறையும் உலோகம் குறைவதால் அதுவும் ஓரிரு தடவைகளுக்கே பொருந்தும்.

சில்லை மீளப் பூட்டும்போது நட்டுகளை வரிசையாக அன்றி எதிரெதிராக, வாகனக் கைநூல் கூறும் முறுக்குவிசை அளவுக்கே இறுக்க வேண்டும். சுமார் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பதும் அவசியம்.

பாவித்த சில்லுகளை வாங்குவோருக்கும் இதில் பாடம் உண்டு. புதுவர்ணத்தில் மின்னும் முகப்பைக் கண்டு மயங்காது, உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து, வெல்டிங் தடம் இருந்தால் விலையைக் கேளாமலே திரும்பிவிடுவது நன்று. வர்ணம் கீறலுக்கு மருந்தாகலாம். வெடிப்புக்கு அது வெறும் திரையே.