மனதைப் படிப்பவர்கள் உண்மையில் எதைப் படிக்கிறார்கள்?

கியெர்மோ டெல் டோரோ இயக்கிய 'நைட்மேர் அலி' (2021) திரைப்படத்தில் என்னை அதிகம் உலுக்கியது ஒரு சிறிய பாத்திரம்: ஒரு நீதிபதியின் மனைவி. மகனைப் பறிகொடுத்த அவருக்கு, இறந்தவர்களுடன் பேசுவதாகச் சொல்லும் ஸ்டான் கார்லைல் ஆறுதல் கூறுகிறான். மகன் அருகிலேயே இருக்கிறான், மீண்டும் ஒன்றுசேர்வீர்கள் என்கிறான். அந்தத் தாய் அதை அப்படியே நம்பிவிடுகிறார். பின்னர் கணவரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறார்.

ஓர் ஆறுதல் வார்த்தை எப்படி இதுவரை வந்தது? படம் அதைப் படிப்படியாகக் காட்டுகிறது.

வில்லியம் லிண்ட்சே கிரெஷமின் 1946ஆம் ஆண்டு நாவல்தான் மூலக்கதை. 1947இலும் ஒருமுறை படமாகியிருக்கிறது. புதிய படம் 1939இன் அமெரிக்கக் களியாட்டத் திடல் ஒன்றில் தொடங்குகிறது. அங்கு கூலியாளாகச் சேரும் ஸ்டான் (பிராட்லி கூப்பர்), ஸீனா, பீற் தம்பதியிடம் தொழில் கற்கிறான்.

முதற்பாடம் சங்கேத மொழி. உதவியாளர் கேள்வி கேட்கும்போது தேர்ந்தெடுக்கும் சொற்களிலேயே விடை ஒளிந்திருக்கும். கண் கட்டப்பட்டவர் அதைக் கேட்டுப் பொருளின் பெயரைச் சொல்வார்.

இரண்டாவது, ஆளைப் பார்த்துச் சொல்வது. உடை, நகை, கைகள், குரல் எல்லாமே தகவல். எவருக்கும் பொருந்தக்கூடிய ஒன்றைச் சொல்லி, முகம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். மீதியை எதிரே இருப்பவரே தந்துவிடுவார்.

இவை மேடை வித்தைகள். இறந்தவர்களை இதற்குள் இழுக்காதே என்று பீற் எச்சரிக்கிறார். ஸ்டான் கேட்பதில்லை. பஃபலோ நகரில் உளவியல் மருத்துவர் லிலித்திடமிருந்து (கேற் பிளான்செற்) நோயாளிகளின் இரகசியங்களைப் பெறுகிறான். முன்கூட்டியே திரட்டிய தகவலை அருள்வாக்காகச் சொல்வதுதான் மூன்றாவது வழி. நீதிபதியின் மனைவி சிக்கியது இதில்தான்.

சேறும் மழையும் மின்விளக்கும் கலந்த திடல், பின்னர் பொன்னிற மரச்சுவர்களுடன் பளபளக்கும் நகர அறைகள் என ஒவ்வொரு சட்டகமும் அழகு. ஒளிப்பதிவு, கலை வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு, சிறந்த திரைப்படம் என நான்கு ஒஸ்கார் பரிந்துரைகள் கிடைத்தன. விருது எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் இந்த அழகு வெறும் அலங்காரமல்ல. ஸ்டானின் பேச்சில் அவனது வாடிக்கையாளர்கள் மயங்குவதுபோல், நாமும் அந்த ஒளியில் மயங்கி அவன் வெல்லவேண்டும் என்று விரும்பத் தொடங்குகிறோம்.

திடலில் உயிருள்ள கோழியைக் கடித்துக் காட்டும் ஒரு மனிதன் இருக்கிறான். குடிக்கு அடிமையான ஒருவனைத் தேடி, தற்காலிக வேலை என்று சொல்லி, மதுவில் அபின் கலந்து அவனை அப்படி ஆக்குவதாக முதலாளி ஸ்டானிடம் விளக்குகிறார். முடிவைச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காட்சியைக் கவனமாகப் பாருங்கள்.

படம் முடிந்தபோது எனக்கு நம் வடக்கின் தாய்மார்தான் நினைவுக்கு வந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று சாத்திரம் கேட்கப் போனவர்கள் அவர்களில் பலர். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. என்னால் இனி அப்படிச் சொல்ல முடியாது. பதில் சொல்லவேண்டிய அரசு மௌனமாக இருக்கும்வரை, ஏதோ ஒரு பதிலுக்காக அவர்கள் எந்தக் கதவையும் தட்டத்தான் செய்வார்கள்.