மாணவர்கள் ஊருக்கு வந்தால் எதைக் காட்டுவது?

வேளாண் கல்லூரி மாணவர்கள் நோட்டும் கோலப்பொடியுமாக வந்து இறங்கினால், தாமிரபரணிக் கரை விவசாயிகள் முதலில் சொல்வது குறைகளைத்தான். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. வாழைத்தாருக்கு விலை இல்லை. எல்லாம் உண்மைதான். மாணவர்களும் எழுதிக்கொள்கிறார்கள். அறிக்கை கல்லூரிக்குப் போய்விடுகிறது. ஊர் பழையபடியே இருக்கிறது.

இளநிலை வேளாண்மை இறுதியாண்டில் வரும் இந்தப் பயிற்சிக்கு 'ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம்' என்று பெயர். வல்லநாடு அருகே கிள்ளிகுளத்தில் இருக்கும் வ.உ.சிதம்பரனார் வேளாண்மைக் கல்லூரி மாணவர்களுக்கும் இது பாடத்திட்டத்தில் உண்டு. இதை ஊருக்குப் பயன்படும்படி மாற்ற ஒரு வழி இருக்கிறது.

இருப்பதை எண்ணுங்கள்

அமெரிக்காவில் நலிந்த குடியிருப்புகளை ஆராய்ந்த ஜான் கிரெட்ஸ்மன், ஜான் மெக்நைட் ஆகிய இருவரும் 1993-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். இல்லாததை மட்டுமே எண்ணும் ஊர், வெளியாரை எதிர்பார்த்தே நின்றுவிடும். கையில் இருப்பதை முதலில் எண்ண வேண்டும் என்பது அதன் சாரம். மக்களின் கைத்திறன், சங்கங்கள், அலுவலகங்கள், நிலமும் நீரும் எல்லாமே கணக்கில் வர வேண்டும்.

நம் பள்ளத்தாக்கில் எண்ணுவதற்குக் குறைவில்லை. ஆற்றில் 8 அணைக்கட்டுகள், 11 கால்வாய்கள், சுமார் 86,000 ஏக்கர் பாசனம். 1937 முதல் அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம். 'அம்பை 16' பிறந்தது அங்கேதான். ஆற்றோரக் கோரையைப் பாயாக்கிப் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது பத்தமடை.

இவை ஊரறிந்தவை. எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்கு எத்தனை நாளில் தண்ணீர் ஏறும், யாரிடம் நல்ல விதை இருக்கிறது, மோட்டார் பழுது பார்ப்பவர் யார், ஆட்டு வைத்தியம் தெரிந்த பாட்டி யார் என்பவை எந்த அலுவலகப் பதிவேட்டிலும் இல்லை. தெரிந்தவர் காலமானால் அந்த அறிவும் போய்விடும்.

செய்ய வேண்டியவை

* மாணவர்கள் தரையில் ஊர் வரைபடம் போடும்போது கோலப்பொடியை நீங்கள் வாங்கி வரையுங்கள். கால்வாய், மடை, குளம், களம், கிணறு எல்லாம் இடம் பெறட்டும்.
* டீக்கடையில் இருப்பவர்கள் மட்டும் வரைந்தால் அது பாதி ஊர்தான். நடவுக்குப் போகும் பெண்களும் நிலமில்லாதவர்களும் வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில் தனியாக உட்காரச் சொல்லுங்கள்.
* வயல்வெளி நடையில் தலைமடை விவசாயியும் கடைமடை விவசாயியும் சேர்ந்தே போகட்டும். தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை இருவரும் ஒன்றாகப் பார்ப்பார்கள்.
* கார், பிசானம் இரண்டுக்கும் மாதவாரியாக வேலை, கடன், தீவனத் தட்டுப்பாடு ஆகியவற்றைக் குறித்த காலண்டர் தயாரிக்கச் சொல்லுங்கள்.

குறையை மறைக்க வேண்டாம்

இருப்பதை எண்ணுவது அரசின் பொறுப்பைக் குறைப்பதற்காக அல்ல. அணையில் நீர் இல்லாவிட்டாலோ, கால்வாய்க் கரை உடைந்தாலோ, ஊர் தனியாக எதுவும் செய்துவிட முடியாது. அதற்கு மனு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வயல் வாய்க்காலைத் தூர்வாருவதும், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதும், விதையைப் பகிர்ந்துகொள்வதும் ஊரின் கையில் இருக்கிறது. எனவே பட்டியல் இரண்டாக இருக்கட்டும்: நாமே செய்வது, கேட்டுப் பெறுவது.

மாணவர்கள் கிளம்பும் முன் வரைபடத்துக்கும் பட்டியலுக்கும் ஒரு நகல் கேட்டு வாங்கி, ஊராட்சி அலுவலகத்தில் மாட்டுங்கள். பிசானம் தொடங்கும் வேளையில் வரும் அக்டோபர் 2 கிராம சபையில் அதை வாசியுங்கள். முதல் வேலையாக எந்த வாய்க்கால், யார் யார் வருவது என்பதை அங்கேயே முடிவு செய்யலாம்.