உள்ளடங்கிய கல்வி: இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரையின் தரத்தை மதிப்பிடுதல்

உள்ளடங்கிய கல்வி என்பது மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளும் ஏனைய குழந்தைகளும் ஒரே வகுப்பில் சேர்ந்து கற்கும் வகையில் பள்ளியையே மாற்றியமைக்கும் கல்விமுறை ஆகும். இதைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியங்களில் உள்ள கட்டுரைகளைக் கல்வியியல் மாணவர்கள் ஒப்படைவுக்காகவும், ஆசிரியர்கள் வகுப்புத் தேவைக்காகவும் படிக்கின்றனர். தங்கள் குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று தெரியாமல் தேடி வரும் பெற்றோரும் படிக்கின்றனர். மாணவருக்குத் தவறான தகவலால் சில மதிப்பெண்கள் போகலாம். பெற்றோருக்குக் குழந்தையின் பள்ளி வாய்ப்பே போய்விடலாம். இக்கட்டுரைகளின் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பது இங்கு விளக்கப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்தியச் சூழலைச் சார்ந்தவை.

பொதுவான அளவுகோல்கள்

2001 ஜனவரி 15 அன்று தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா, யாரும் தொகுக்கக்கூடிய கலைக்களஞ்சியம் ஆகும். மெய்யறிதன்மை, நடுநிலை நோக்கு, சொந்த ஆய்வைத் தவிர்த்தல் ஆகிய மூன்றும் அதன் உள்ளடக்கக் கொள்கைகள். கட்டுரைகள் குறுங்கட்டுரை முதல் சிறப்புக் கட்டுரை வரை தரம் பிரிக்கப்படுகின்றன. 2005-இல் நேச்சர் இதழ் 42 அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியாவையும் பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தையும் ஒப்பிட்டது. கட்டுரைக்குச் சராசரியாக முன்னதில் நான்கு பிழைகளும் பின்னதில் மூன்று பிழைகளும் இருந்ததாக அது தெரிவித்தது.

இவ்வாறு பிழைகளை எண்ணும் முறை அறிவியல் தலைப்புகளுக்குப் பொருந்தலாம். உள்ளடங்கிய கல்விக்கு அது போதாது. தவறான வாக்கியம் ஒன்றுகூட இல்லாத கட்டுரையும் வாசகரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடக்கூடும்.

வரையறையைச் சோதித்தல்

முதலில் பார்க்க வேண்டியது வரையறை. ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான குழு 2016-இல் வெளியிட்ட நான்காவது பொதுக் கருத்துரை நான்கு நிலைகளை வேறுபடுத்துகிறது. குழந்தைக்குக் கல்வியே மறுக்கப்படுவது விலக்கல். தனிப் பள்ளியில் வைத்துக் கற்பிப்பது பிரித்தல். பொதுப் பள்ளியில் சேர்த்துவிட்டு, அதன் வழக்கங்களுக்குக் குழந்தை தன்னைப் பொருத்திக்கொள்ளும் என எதிர்பார்ப்பது ஒருங்கிணைத்தல். பாடம், கற்பிக்கும் முறை, தேர்வு, கட்டடம் ஆகியவற்றைக் குழந்தைக்கு ஏற்ப மாற்றுவதே உள்ளடக்கல்.

பள்ளி வாசலில் சாய்தளம் கட்டியாயிற்று, சக்கர நாற்காலியில் வரும் மாணவியின் பெயரும் வருகைப் பதிவேட்டில் ஏறியாயிற்று என்று கொள்வோம். ஆனால் அவளது வகுப்பு மாடியில் நடக்கிறது. கழிப்பறைக்குள் நாற்காலி நுழையாது. இது ஒருங்கிணைத்தல்தான். இந்த வேறுபாட்டைச் சொல்லாத கட்டுரை, சேர்க்கை எண்ணிக்கையையே உள்ளடங்கிய கல்வியின் வெற்றியாகக் காட்டிவிடும்.

தமிழில் இந்தக் குழப்பத்துக்குச் சொல்லும் ஒரு காரணம். இந்திய அரசு 1974-இல் தொடங்கிய திட்டம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டம். மேலே சொன்ன மூன்றாம் நிலையைச் சேர்ந்தது. 2018-இல் தொடங்கிய சமக்ர சிக்‌ஷா திட்டம் தமிழ்நாட்டில் ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’ எனப்படுகிறது. இங்கே ‘ஒருங்கிணைந்த’ என்பது முன்பு தனித்தனியாக இருந்த திட்டங்களை ஒன்றாக்கியதைக் குறிக்கும். மாற்றுத்திறன் குழந்தைகளைச் சேர்ப்பதை அன்று. இலங்கையில் ‘உட்படுத்தல் கல்வி’ என்ற சொல்லும் வழங்குகிறது. எந்தச் சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறது என்று தொடக்கத்திலேயே தெளிவாக்கும் கட்டுரையை நம்பிப் படிக்கலாம். ஒரே பத்தியில் சொற்களை மாற்றி மாற்றிப் போடும் கட்டுரை பெரும்பாலும் பல இடங்களிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டதாக இருக்கும்.

யார் யாரைக் கணக்கில் கொள்கிறது என்பதும் வரையறையைச் சேர்ந்ததே. 92 அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும் பங்கேற்ற 1994-ஆம் ஆண்டின் சலமான்கா மாநாட்டு ஆவணம், மாற்றுத்திறன் குழந்தைகளுடன் தெருவோரக் குழந்தைகள், உழைக்கும் குழந்தைகள், மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் ஆகியோரையும் குறிப்பிடுகிறது.

சட்டத் தகவல்களைச் சோதித்தல்

இந்திய வாசகருக்கு மிகுந்த கவனம் தேவைப்படும் பகுதி இது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. அதற்கு மாற்றாக வந்து 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் புற உலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசமும் இவற்றில் அடங்கும். ஏழு வகை என்று மட்டும் எழுதியிருக்கும் கட்டுரை காலாவதியானது.

வயது வரம்பும் அப்படியே. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பொருந்தும். 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தருகிறது. அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற தேர்வும் அதில் உண்டு.

ஒரு சொல் மாறினால் பொருள் தலைகீழாகும் இடமும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பல்வகைக் குறைபாடு அல்லது கடுமையான குறைபாடு உள்ள குழந்தை வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் பெறுகிறது. இதைச் சுருக்கும் கட்டுரை ‘கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு வீட்டிலேயே கல்வி அளிக்கப்படும்’ என்று எழுதினால், உரிமை விலக்காக மாறிவிடுகிறது. அதைப் படிக்கும் தாய், பள்ளியில் இடம் கேட்பதற்கே வழியில்லை என்று எண்ணித் திரும்பக்கூடும். சட்டப் பகுதியை மதிப்பிடும்போது ‘தேர்ந்துகொள்ளலாம்’, ‘வேண்டும்’, ‘மட்டும்’ போன்ற சொற்களை மூலச் சட்டத்துடன் ஒப்பிடுவது இதனால்தான்.

சான்றுகள்

சான்றுகளின் எண்ணிக்கை தரத்தைக் காட்டாது. சான்றைத் திறந்து, அந்த வாக்கியம் அங்கே உண்மையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். கலைக்களஞ்சியத்திலிருந்து படியெடுத்த தளத்தையே பின்னர் கலைக்களஞ்சியம் சான்றாகக் காட்டும் சுழற்சியும் நடப்பதுண்டு.

‘உள்ளடங்கிய கல்வியால் எல்லாக் குழந்தைகளின் கற்றலும் மேம்படுகிறது’ என்பது பல கட்டுரைகளில் காணப்படும் கூற்று. 2022-இல் வெளியான கேம்பெல் ஆய்வுத் தொகுப்பு இவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் கற்றலிலும் உளநலத்திலும் பொதுவாகத் தெளிவான உயர்வோ தாழ்வோ தென்படவில்லை என்பதே அதன் முடிவு. இதனால் உள்ளடங்கிய கல்விக்கான வாதம் விழுந்துவிடாது. அது முதன்மையாக உரிமை பற்றிய வாதம். மதிப்பெண் பற்றியது அன்று. நல்ல கட்டுரை இவ்விரண்டையும் தனித்தனியே வைக்கும்.

கருத்து வேறுபாடுகள்

இத்துறையில் எல்லோரும் ஒரே கருத்தினர் அல்லர். இத்தாலி 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பொது வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. பிரித்தானியாவில் 1978-ஆம் ஆண்டு அறிக்கையின் வழியே பொதுப் பள்ளிச் சேர்க்கைக்கு வித்திட்ட மேரி வார்னாக், 2005-இல் அக்கொள்கையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என எழுதினார். காது கேளாதோர் சமூகத்தில் பலர், சைகை மொழி புழங்கும் பள்ளியே குழந்தைக்கு மொழியைத் தருகிறது என்று வாதிடுகின்றனர். 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவே சைகை மொழியையும் காது கேளாதோரின் மொழி அடையாளத்தையும் வலியுறுத்துகிறது. இத்தகைய எதிர்க்கருத்துகளை விழிப்புணர்வுக் குறைவு என்று ஒரே வரியில் ஒதுக்கும் கட்டுரை, எவ்வளவு நல்லெண்ணத்துடன் எழுதப்பட்டிருந்தாலும், நடுநிலையானது அன்று.

நடைமுறைத் தடைகளைப் பற்றிய மௌனமும் ஒரு குறையே. தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், உயர் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. ஆசிரியர் பற்றாக்குறையைத் தொடாமல் பயன்களை மட்டும் அடுக்கும் பக்கம் துண்டறிக்கைக்கு நெருக்கமானது.

மொழியும் மொழிபெயர்ப்பும்

‘மனவளர்ச்சி குன்றியோர்’ போன்ற பழைய சொற்கள் விளக்க நடையில் வந்தால் கட்டுரை புதுப்பிக்கப்படவில்லை எனக் கொள்ளலாம். பழைய சட்டத்தின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ வந்தால் அவற்றை மாற்றத் தேவையில்லை. மாற்றினால் அது வரலாற்றுப் பிழை.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட தமிழ்க் கட்டுரைகளில் அமெரிக்கச் சட்டம் உலகச் சட்டம்போலத் தோன்றுவது வழக்கம். 1975-இல் இயற்றப்பட்டு 1990-இல் பெயர் மாற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் ஒவ்வொரு தகுதியுள்ள குழந்தைக்கும் எழுத்துவடிவிலான தனிநபர் கல்வித் திட்டத்தைக் கட்டாயமாக்குகிறது. எந்த நாடு என்று குறிப்பிடாமல் ‘பள்ளி இத்திட்டத்தைத் தயாரிக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், மதுரையிலோ மட்டக்களப்பிலோ உள்ள பெற்றோர் தம் பள்ளியில் வேறொரு நாட்டின் சட்டத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவ்வாக்கியத்தில் நாட்டின் பெயரைச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. தொகுக்கும் உரிமை எல்லாருக்கும் திறந்திருக்கும் தளங்களில், பிழையைக் கண்ட மாணவரே சான்றுடன் அதைச் செய்யலாம்.